"சாப்பிட்டன், நல்லா இருக்கன், படிக்கிறன்"

கேள்வி: என் ஊர் களுவாஞ்சிகுடி. உயர்தரம் தமிழ் மொழிமூலம், உயிரியல் பிரிவு. இரண்டு தடவை எடுத்தும் மருத்துவபீட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டேன். அப்பா படுவான்கரையில் இருந்த வயலை ஈடு வைத்து என்னை ரஷ்யாவுக்கு அனுப்பினார். இப்போது முதலாம் வருடம். என்புகள் பற்றிய கொலோக்வியம் என்கிற உள்சோதனையில் இரண்டு தடவையும் 2 வாங்கிவிட்டேன். இரவு மூன்று மணி வரை படிக்கிறேன், ஆனால் ஆசிரியருக்கு முன்னால் போய் நின்றதும் ஒன்றும் வருவதில்லை. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வீட்டில் கேட்டால் எல்லாம் நல்லம் என்று சொல்கிறேன். எனக்கு டொக்டராகிற தகுதி இல்லையோ? திரும்பி வந்துவிடவா?
(பெயர் வேண்டாம்)

பதில்:

மகள், மூன்று மணி வரை படிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய், எப்படிப் படிக்கிறாய் என்று எழுதவில்லை. பரவாயில்லை, நானே சொல்கிறேன். கட்டிலில் சுவரோடு சாய்ந்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, அறையில் மற்றப் பிள்ளை நித்திரை என்பதால் வாயே திறக்காமல் படிக்கிறாய். சரியா? நானும் அதே நாட்டில் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் 2 வாங்கினேன். வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே உச்சப் புள்ளி 5, மூன்று என்றால் தப்பினாய், இரண்டு என்றால் பெயில்.

நீ எழுதுகிற சோதனைக்குப் படிக்கிறாய், ஆனால் அங்கே நடப்பது வாய்ச் சோதனை. கேள்விச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றால் ஆசிரியர் உண்மையான என்பைக் கையில் தருவார், நீ அதைச் சரியான பக்கமாகப் பிடித்து, ஒவ்வொரு துவாரத்தையும் ஊசியாலோ சாமணத்தாலோ தொட்டுக் காட்டி, லத்தீன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பதின்மூன்று வருடம் பள்ளிக்கூடம் போன பிள்ளை, ரியூஷனும் சேர்த்து, எத்தனை ஆயிரம் பக்கம் எழுதியிருக்கும்? ஒருவர் முன்னால் நின்று பத்து நிமிடம் பாடம் சொன்னது எத்தனை தடவை? பேச்சுப் போட்டியை விட்டால் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதோடு நாடி, நாளம் என்று தமிழில் பழகிய தலைக்கு ஆர்ட்டேரியா, வேனா என்று மாற வேண்டும், விளக்கம் ஆங்கிலத்தில், ஆசிரியரின் ஆங்கிலமோ பாதி ரஷ்யன். அந்த இடத்தில் வாய் கட்டிப்போவதை மூளைக் குறைவு என்று நீ எண்ணக் கூடாது. வாய்க்குப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

என்பில் எது உன்னைக் கவிழ்த்தது என்று எழுதவில்லை, ஆனால் காதோடு ஒட்டிய டெம்பொரல் என்பாகத்தான் இருக்கும். அதற்குள் ஓடுகிற குழாய்கள் அந்த நாட்டு மருத்துவ மாணவர் எல்லாருக்கும் பேய்க்கதை மாதிரி. அதில் ஒன்றை மட்டும் எடுப்போம், முகநரம்பு போகிற குழாய். வரியாகப் பாடமாக்காதே. மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டில் ஏறினால் கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, பிறகு உன் ஊர். இதை நீ எந்த நாளாவது பாடமாக்கினாயா? ஜன்னல் பக்கம் இருந்து பார்த்தாய், வந்துவிட்டது. அது மாதிரி அந்த நரம்புக்குள் ஏறி இரு. உட்செவித் துவாரத்தில் ஏறுகிறது, கொஞ்ச தூரம் போனதும் சடார் என்று ஒரு வளைவு, அதற்குப் பெயர் ஜெனிகுலும், லத்தீனில் குட்டி முழங்கால். அங்கே திரும்பி நடுச்செவியின் சுவரோடு பின்னால் போய், பிறகு கீழே இறங்கி, காதுக்குப் பின்னால் உள்ள புடைப்புக்குப் பக்கத்தில் ஸ்டைலொமாஸ்டொயிட் துவாரத்தால் வெளியே வருகிறது. வந்ததும் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, கிளை பிரிந்து முகத் தசைகளுக்குப் போகிறது.

இப்போது ஊரை நினை. ஒரு நாள் காலையில் எழும்பினால் ஒரு பக்கத்து வாய் கோணி, கண் மூட முடியாமல், குடிக்கிற தேத்தண்ணி கடைவாயால் வழிய, பேய் அறைந்துவிட்டது என்று நூல் கட்டுகிறவர்களை நீயும் பார்த்திருப்பாய். அநேகமாக அந்தக் குழாய்க்குள் வீங்கி நெருக்குப்படுகிற அதே நரம்புதான். என்னிடம் அப்படி ஒருவர் வந்து கதிரையில் இருந்தால் இன்றைக்கும் என் கண்ணுக்கு முன்னால் வருவது, முதலாம் வருடத்தில் கையில் பிடித்திருந்த, ஓரம் உடைந்த அந்த மஞ்சள் என்புதான்.

எனக்கு வாய் திறந்தது எப்படி என்றால், ஹொஸ்டல் வாசலில் இருந்த தெழூர்னயாவால். இரவுக் காவல் அம்மா, எப்போதும் கம்பளி பின்னிக்கொண்டிருப்பார். அறையில் சத்தம் போட்டுப் படிக்க முடியாது என்று நான் கீழே போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து அவருக்கே பாடம் சொன்னேன். என்பு என்பதற்கு ரஷ்ய மொழியில் கோஸ்த், விருந்தாளி என்பதற்கும் கிட்டத்தட்ட அதே சத்தம், முதல் எழுத்தை மட்டும் ககரத்தைக் கொஞ்சம் மெலித்துச் சொல்ல வேண்டும், அந்த வித்தியாசம் தமிழ் வாய்க்கு ஏது? மனிதனின் உடம்பில் 206 விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்று நான் விளக்க, அவ பின்னலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தா. சிரித்துவிட்டுத் திருத்தினா. ஒரு மாதம் அப்படிப் போனது. மூன்றாம் தடவை எனக்கு 4 கிடைத்தது. ரஷ்யனும் அங்கேதான் பழகினேன். ஆங்கில மொழிமூலம்தானே என்று நீ ரஷ்யனை விட்டுவிடாதே, இன்னும் இரண்டு வருடத்தில் வார்டில் உனக்கு முன்னால் படுத்திருக்கிற கிழவிக்கு ஆங்கிலம் தெரியாது. இதை உன்னை அனுப்பிய ஏஜென்சி சொல்லியிருக்காது, காசு வாங்குகிற நேரத்தில் அவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

அடுத்தது நித்திரை. இரவு மூன்றுக்குப் படுத்து எட்டரை வகுப்புக்கு ஓடினால், படித்தது தலையில் பதிகிற நேரத்தையே நீ வெட்டி எறிகிறாய். பன்னிரண்டுக்குப் படு. வகுப்பை மட்டும் தவற விடாதே, விட்டால் அத்ரபோத்கா என்று அதைத் தனியாகப் போய்ச் செய்து கழிக்க வேண்டும், அது சேர்ந்துகொண்டே போனால் செமஸ்டர் முடிவில் சோதனைக்கே விடமாட்டார்கள். பின்னேரம் நாலு மணிக்கு இருட்டுகிறது என்கிறாயே, அது சின்ன விஷயம் இல்லை. கல்லடிக் கடற்கரை வெயிலில் வளர்ந்த உடம்பு அது. பகல் இடைவேளையில் ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் வெளியே நட, விற்றமின் டி பார்க்கச் சொல்லி அங்குள்ள டொக்டரிடம் கேள். சாப்பாடு பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை, அதனால் நூடில்ஸ்தான் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டிலிருந்து மாசியும் மிளகாய்த்தூளும் கொண்டுபோயிருப்பாய்தானே, கிழமையில் மூன்று நாளாவது சோறாக்கு, கெஃபீர் என்ற அங்குள்ள புளித்த பாலை ஊற்றிப் பிசைந்தால் எங்கள் எருமைத் தயிருக்குக் கிட்டவும் வராது, ஆனால் இறங்கும். கருவாடு மட்டும் பொதுக் குசினியில் பொரிக்காதே, மாடி முழுவதும் திரண்டு வந்துவிடும். அனுபவம்.

சரி, இனி அந்தப் பொய்.

நான் போனது 1989இல். முதல் வருடம் முழுக்க மொழி, அடுத்த வருடம்தான் மருத்துவம். அந்த இடைவெளியில், 1990 ஜூனில், இங்கே திரும்பவும் சண்டை தொடங்கிவிட்டது. மாதக்கணக்கில் வீட்டிலிருந்து ஒரு கடிதமும் இல்லை. பிறகு வந்த கடிதத்தில் அப்பாவின் கையெழுத்தில் நாலு வரி, எல்லோரும் நலம், நீ படிப்பைக் கவனி. நானும் பதில் எழுதினேன், நலம், நன்றாகப் படிக்கிறேன். அன்றைக்கு என் கையில் இரண்டு பெயில், அங்கே அம்மம்மா செத்து நாலு மாதம். இரண்டு பக்கமும் நலம் நலம் என்று எழுதிக்கொண்டிருந்தோம். இது எனக்குத் தெரியவந்தது அடுத்த வருடம், ஊரிலிருந்து வந்த ஒரு பொடியன் வாய் தவறிச் சொன்னபோது. அவர்கள் மறைத்தது எனக்காகத்தான் என்று தெரியும், ஆனாலும் அந்தக் கோபம் முழுதாகப் போகவில்லை, இவ்வளவு வயதாகியும்.

உன் அம்மாவுக்கு அந்தக் கோபத்தை வைத்துவிடாதே. இரவு வட்ஸ்அப்பில் முகத்தைப் பார்க்கிறவ, உனக்கு என்னவோ என்று அவவுக்கு எப்போதோ தெரிந்திருக்கும், என்ன என்றுதான் தெரியாது, அதுதான் கூடப் பயம். உன் பயம் வயல்தான் என்று விளங்குகிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறிய நாளிலிருந்து பிள்ளையை வெளியில் படிக்க வைக்கிற வீடுகளில் காலையில் எழும்பியதும் டொலர் விலை பார்க்கிறார்கள், அந்த வீட்டில் போய் பெயில் என்று எப்படிச் சொல்வது? கணக்கைச் சேர்த்துச் சொல். கொலோக்வியம் என்பது உள்சோதனை, திரும்பச் செய்யலாம். செமஸ்டர் முடிவுச் சோதனையில் பெயிலானால்கூட இரண்டு தடவை திரும்ப எழுத விடுகிறார்கள், இரண்டாவது தடவை ஒரு குழு இருந்து கேட்கும். உடற்கூற்றியல் பெரிய சோதனை பொதுவாக மூன்றாம் செமஸ்டர் முடிவில்தான். ஆகவே இன்றைக்கு வயல் போகவில்லை. இதை அப்பாவிடம் இந்த அளவுக்கு விவரமாகச் சொன்னால் அவர் தாங்குவார், விதைத்த வயல் வெள்ளத்தில் போவதைப் பார்த்துவிட்டு அடுத்த போகமும் விதைத்த மனிதர்.

டொக்டராகத் தகுதி இருக்கிறதா என்று கேட்டாய். ஒரு என்பை வைத்து அதை நான் சொல்ல முடியாது, நீயும் சொல்லாதே. திரும்பி வருவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, வந்து வேறு படித்து நன்றாக இருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் அந்த முடிவைப் பனிகாலத்தில், நித்திரை இல்லாத தலையோடு எடுக்காதே. ஜூன் சோதனை முடியட்டும், வெளிச்சம் வரட்டும், பிறகு கதைப்போம். ஊர் திரும்பியதும் மருத்துவ சபையின் சோதனை இருக்கிறதே என்ற பயமெல்லாம் ஆறு வருடம் கழித்துப் படவேண்டியது.

ஒன்றை மட்டும் நேரடியாகக் கேட்கிறேன். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அங்குள்ள மாணவர் பொலிகிளினிக்குக்குப் போ. செத்தால் நல்லம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும் அன்றைக்கே அறைத் தோழியை எழுப்பிச் சொல், தனியாக இராதே. ஊரிலிருந்து இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

அங்கே இரவு எட்டு மணிக்கு நீ அழைத்தால் இங்கே பத்தரை, அம்மா நித்திரை முழித்துக் காத்திருப்பா. ஐந்து மணிக்கு எடு. இங்கே ஏழரை, அவ குசினியில் நிற்பா, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுப் பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டே கேட்பா. முதலில் அந்த இரண்டு 2ஐயும் சொல். அழுதால் இரண்டு பேரும் அழுங்கள். அப்புறம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தொடங்கி அந்த நரம்பை ஒரு தடவை அவவுக்குச் சத்தமாகச் சொல்லிக் காட்டு, அவவுக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் நீ எந்த இடத்தில் தடுக்குகிறாய் என்று கண்டுபிடித்துவிடுவா. நாளைக்கும் சொல், நாளன்றைக்கும் சொல். மூன்றாம் தடவை எந்தக் குழாய் கேட்டார்கள் என்று எனக்கு எழுது.