முறைப்படி வேலை செய்பவருக்கு சென்ட்ரிங் பொருந்துமா?

கேள்வி: ஐ.டி.ஐ.யில் மரவேலை படித்திருக்கிறேன். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டால் பிசகாமல் செய்வேன். ஆளுக்கொன்று சொல்லும் இடத்தில் தடுமாறிவிடுகிறேன். சென்ட்ரிங் வேலைக்குப் போகலாமா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: போகலாம். கான்கிரீட் வார்க்கப் பலகையால் அச்சு அடித்து, அது இறுகும்வரை முட்டு (தாங்கு கட்டை) கொடுத்து நிறுத்துவதுதான் சென்ட்ரிங். அதில் எந்த வகை என்று பார்த்துப் போங்கள்.

ஊரில் வீடு கட்டும் இடங்களில் சவுக்குக் கட்டை, தகடு, கிடைத்த பலகை ஆகியவற்றை வைத்து மேஸ்திரி சமாளிப்பார். கைத்திறமைக்குக் குறைவில்லை. ஆனால் முட்டு குட்டையாக இருந்தால் அடியில் செங்கல் அடுக்குவதா, வேறு கட்டை தேடுவதா என்பது அவருடைய அந்த நேரத்து முடிவு. (செங்கல் அடுக்கவே கூடாது; அடுக்குகிறார்கள்.) அந்த இடம் உங்களுக்குச் சரிவராது.

அடுக்குமாடி, மெட்ரோ, பாலப் பணிகளில் கதை வேறு. அடுக்குமாடிகளில் 'மைவான்' என்று வேலையிடத்தில் சொல்லப்படும் அலுமினியப் பலகைகளில் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வரைபடத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆயில் தடவி, பலகைகளை இணைக்கும் ஊசியும் (பின்) ஆப்பும் அடித்து, சுவரையும் தளத்தையும் சேர்த்தே வார்ப்பார்கள். அடுத்த மாடியிலும் அதே வரிசைதான். சிலருக்கு இது சலிப்பு; உங்களுக்கு நிம்மதி.

தூணுக்கான பலகை அச்சை, அதாவது தூண் பெட்டியை, சரிபார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஒரு சிறு கட்டையை 50 மி.மீ. வெளியே நீட்டி, அதிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிடுவார்கள். குண்டு ஆடாமல் நின்றதும் அடியில் பலகைக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். அங்கும் 50 இருந்தால் தூண் நேர். பக்கத்து முகத்திலும் இதையே செய்ய வேண்டும்; ஒரு முகத்தோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். பிறகு, எதிரெதிர்ப் பலகைகளை இழுத்துப் பிடிக்கும் டை ராட் கம்பிகளின் நட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மூன்று மீட்டர் தூணை ஒரே மூச்சில் நிரப்பினால் அடிப்பகுதியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 7.5 டன் அழுத்தம் வரும். ஒரு நட்டு தளர்ந்திருந்தாலும் பலகை பிதுங்கக்கூடும்.

கழற்றுவதற்கும் விதி உண்டு. ஐ.எஸ். 456:2000 என்ற இந்தியத் தர விதிநூல்படி, செங்குத்தான பக்கப் பலகைகளுக்கு 16 முதல் 24 மணி நேரம். தள முட்டுகளுக்கு, தளத்தைத் தாங்கும் சுவர்கள் அல்லது உத்திரங்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள். உத்திர முட்டுகளுக்கு, உத்திரத்தின் தாங்கிகளுக்கு இடையே 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இவை குறைந்தபட்சக் காலங்கள். அதுவும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு. இன்று நம் பக்கம் அதிகம் புழங்கும் பி.பி.சி. (போசலானா கலந்த போர்ட்லேண்ட்) சிமென்டில் கான்கிரீட் மெதுவாகத்தான் வலுவடையும் என்பதால் பொறியாளர் கூட்டிச் சொல்வார். சிக்கல் இங்கேதான். அடுத்த மாடிக்குப் பலகை வேண்டும் என்று ஐந்தாம் நாளே நெருக்குவார்கள். விதியைக் காட்டி மறுக்க உங்களால் முடியும் என்றால் இந்தத் துறைக்கு நீங்கள் தேவை. வாய் மூடி நிற்பீர்கள் என்றால் யோசியுங்கள்.

உதவியாளராகச் சேர்ந்து கார்ப்பென்டர், ஃபோர்மேன் என்று உயரலாம். ஃபோர்மேனுக்கு ஆட்களை மேய்க்கும் வேலையே அதிகம். உங்கள் இயல்புக்கு வார்ப்புக்கு முந்தைய சரிபார்ப்பும், பலகைக் கிடங்கின் கணக்கும் இன்னும் பொருந்தும். மழை, தாமதமாக வரும் கலவை வண்டி, இரவு வார்ப்பு இவை எங்கும் உண்டு. உயரத்தில் வேலை என்பதால், தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் பாதுகாப்புப் பட்டை மாட்டாமல் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள்.

சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: வார்ப்புக்கு முந்தைய சரிபார்ப்புத் தாள் உண்டா, முட்டு கழற்ற யார் கையெழுத்திடுகிறார்? "அதெல்லாம் எதற்கு" என்று பதில் வந்தால் வேறு வேலையிடம் பாருங்கள்.