அணு உலையை நிறுத்திய பிறகும் ஏன் குளிர்விக்க வேண்டும்?

நிறுத்திய உலையிலும் தொடர்ந்து எழும் வெப்பத்துக்குச் 'சிதைவு வெப்பம்' என்று பெயர். யுரேனிய அணுக்கள் பிளக்கும்போது பிறக்கும் வெப்பத்தில் நீராவி உண்டாக்கித்தான் மின்சாரம் எடுக்கிறோம். கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கினால் பிளவு நொடிகளில் நின்றுவிடும். ஆனால் பிளந்து கிடக்கும் அயோடின், சீசியம் போன்ற துண்டுகள் நிலையற்றவை. தாமாகவே சிதைந்து சூட்டைக் கக்குகின்றன. இதை அணைக்க எந்தச் சுவிட்சும் கிடையாது. விறகை இழுத்துவிட்ட பின்னும் தணலில் சோற்றுலை கொதிக்கிறதே, அதுபோல.

அளவும் அற்பமல்ல: நிறுத்திய கணத்தில் முழுத்திறனில் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம். கூடங்குளத்தில் 1000 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் உலை ஒன்று சுமார் 3000 மெகாவாட் வெப்பம் தருவது. அப்படியானால் நின்றவுடனும் 200 மெகாவாட் அளவு வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும்! ஒரு நாளில் இது அரை சதவீதம் அளவுக்குத் தணியும்.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது இயங்கிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகவே நின்றன. பின்னால் வந்த சுனாமி, குளிர்விக்கும் பம்புகளுக்கு மின்சாரம் தரும் டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்கும் நீரோட்டம் நின்று எரிபொருள் உருகியது.

அங்கே அணுகுண்டுபோல உலை வெடித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வெடித்தது, அளவுக்கு மீறிச் சூடேறிய எரிபொருளின் உலோக உறை நீராவியோடு வினைபுரிந்து உண்டான ஹைட்ரஜன் வாயு.