ஆய்வேட்டுக்கு நான்கு மாதம், கணக்கில் 300 பிசிஎம் இடைவெளி

கேள்வி: அணுக்கருப் பொறியியலில் முதுகலை ஆய்வேடு செய்கிறேன். நியூட்ரானை விழுங்கும் கடோலினியம் கலந்த உலை எரிபொருள் கட்டு எரிவதை மான்டி கார்லோ முறையில் (நியூட்ரான்களைத் தற்செயல் எண்களால் ஒவ்வொன்றாகப் பின்தொடரும் முறை) கணக்கிடுகிறேன். வெளியான ஒரு கட்டுரையின் கே மதிப்புக்கும் (ஒரு தலைமுறை நியூட்ரான்கள் அடுத்த தலைமுறையில் எத்தனை மடங்காகின்றன என்ற எண்) என்னுடையதற்கும் 300 பிசிஎம் வித்தியாசம் (ஒரு பிசிஎம் என்பது லட்சத்தில் ஒரு பங்கு). நியூட்ரான் துகள்களைக் கூட்டிக் கூட்டி ஓட்டியும் குறையவில்லை. நான்கு மாதம்தான் இருக்கிறது, எழுதவே தொடங்கவில்லை.

பதில்: முதலில் அந்த ரன்களை நிறுத்துங்கள். புள்ளியியல் பிழை பாதியாகக் குறைய நான்கு மடங்கு துகள்கள் வேண்டும். இரு விடைகளிலும் தலா 20 பிசிஎம் பிழை இருந்தால், வித்தியாசத்தின் பிழை சுமார் 28தான். 300 அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். எத்தனை துகள் விட்டாலும் அது போகாது.

அந்த இடைவெளி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். எரியாத புது எரிபொருளிலேயே இருக்கிறதா, எரிய எரிய வளர்கிறதா? இந்த ஒரு வரைபடம் பாதி வேலையை முடித்துவிடும்.

புது எரிபொருளிலேயே இருந்தால், அணுக்கருத் தரவு நூலகம், எரிபொருளின் வெப்பநிலை, நீரின் அடர்த்தி ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அப்புறம், நீரிலுள்ள ஹைட்ரஜனுக்கு வெப்பச் சிதறல் தரவு கொடுத்திருக்கிறீர்களா? அதை விட்டுவிட்டால் பல நிரல்கள் குறை சொல்லாது. ஹைட்ரஜனை மூலக்கூறில் கட்டுப்படாத தனி அணுவாக எடுத்துக்கொண்டு பேசாமல் ஓடி முடிக்கும். என் மாணவர் ஒருவர் இன்புட் ஃபைலில் இந்த ஒரு வரி இல்லாமல் மூன்று வாரம் அலைந்தார்.

எரிய எரிய வளர்ந்தால், என் சந்தேகம் கடோலினியத் தண்டின் மேல்தான். கடோலினியம்-157 வெப்ப நியூட்ரானை, அதாவது வேகம் குறைந்த நியூட்ரானை, விழுங்கும் குறுக்குவெட்டு (விழுங்கும் வாய்ப்பின் அளவு, பார்ன் அதன் அலகு) சுமார் 2,50,000 பார்ன். யுரேனியம்-235 பிளவுக்கு அது 600-க்கும் கீழே. வரும் நியூட்ரான்களைத் தண்டின் விளிம்பே பிடித்துக்கொள்வதால் கடோலினியம் வெங்காயத்தோல் உரிவதுபோல வெளியிலிருந்து உள்ளே தீர்கிறது. தண்டு முழுவதையும் ஒரே பகுதியாக வைத்தால் நிரலுக்கு அது தெரியாது. ஐந்து முதல் பத்து வளையங்களாகப் பிரியுங்கள். கடோலினியம் தீரும்வரை எரிப்புப் படிகளையும் சிறிதாக வையுங்கள்.

இதையெல்லாம் சரிபார்த்த பிறகும் கொஞ்சம் மிஞ்சலாம், பதற வேண்டாம். நீர் உலைகளில் அணுக்கருத் தரவுகளின் நிச்சயமின்மை மட்டுமே கே மதிப்பில் ஏறத்தாழ 500 பிசிஎம் வரும். காரணங்களைப் பிரித்துக் காட்டி, மிச்சம் அந்த எல்லைக்குள் இருக்கிறது என்று எழுதினால் அது ஒரு முழு அத்தியாயம். நான் தேர்வாளராக இருந்தால் அச்சு அசலாகப் பொருந்துகிற எண்ணைவிட இதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன்.

சரிபார்ப்புக்கு கொடைவா என்ற அளவுகோல் சோதனையை மட்டும் ஓட்டி நிறுத்திவிடாதீர்கள். அது வெறும் யுரேனிய உலோகக் கோளம், வேக நியூட்ரான் அமைப்பு. அங்கே சரியாக வந்தால் உங்கள் நீர்க்கட்டும் சரி என்று ஆகாது. நீருக்குள் தண்டுகளை அடுக்கிச் செய்த அளவுகோல் சோதனை ஒன்றை எடுங்கள்.

சோதனைகளுக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள், அதற்குமேல் வேண்டாம். முறைகள் அத்தியாயத்தை இன்றே தொடங்கலாம், அதற்கு எந்த முடிவும் தேவையில்லை. ஒவ்வொரு ரன்னுக்கும் நூலகம், துகள் எண்ணிக்கை, எண்ணாமல் கழித்த தொடக்கச் சுழற்சிகள், தேதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நியூட்ரான்கள் பிறக்கும் இடங்களின் பரவல் நிலைபெற்றதா என்று காட்டும் ஷானன் என்ட்ரோபி வரைபடத்தைப் பின்னிணைப்பில் சேருங்கள். அந்தப் பரவல் நிலைபெற்ற பிறகுதான் எண்ணத் தொடங்கினீர்களா என்று வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள்.