மாமல்லபுரத்தில் நங்கூரம் போட்டுத் தூங்கலாமா?

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு பாய்மரப் படகு ஓட்டக் கற்றேன். பிப்ரவரியில் நண்பரின் 28 அடிப் படகில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகத் திட்டம். முதல் நாள் இரவு மாமல்லபுரம் கோயிலுக்கு எதிரே நங்கூரம் போட்டுத் தூங்கிவிட்டு, காலையில் கிளம்பலாமா?
– ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: நங்கூரம் போடலாம் சார், தூங்கத்தான் முடியாது.

பிப்ரவரி நல்ல தேர்வு. மழைக்காலம் முடிந்திருக்கும், வாடைக்காற்று தெற்கே தள்ளிக்கொண்டு போகும் (திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், அது வேறு கதை). ஆனால் நம் கரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, ஒதுங்க இடமே கிடையாது. துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் திறந்த கடலில்தான் நின்றன, ஆட்களும் சரக்கும் மசூலா படகில் அலை தாண்டிக் கரையேறின. 1746இல் மதராஸைப் பிடித்த பிரெஞ்சுக் கப்பல்கள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் புயலில் நொறுங்கிப் போயின.

மாமல்லபுரமும் திறந்த கடல்தான், போதாததற்குப் பாறைகள் வேறு. மதியத்துக்கு மேல் கடற்காற்று கரைப்பக்கம் தள்ளும். நங்கூரம் பிடி விட்டால் உங்களுக்குப் பின்னால் இருப்பது அலை உடையும் இடம். காற்று விழுந்தாலும் நிம்மதி இல்லை, படகு பக்கவாட்டில் திரும்பி அலைக்குத் தொட்டில் மாதிரி ஆடும். கோவளத்துக்கு எதிரே ஒருமுறை அப்படி நின்று, சாம்பார் சாதத்தைப் பாத்திரத்தோடு தரையில் பார்த்தவன் நான்.

நிற்கத்தான் வேண்டும் என்றால், அலை உடையும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, மணல் தரையில் போடுங்கள். ஆழம் 8 மீட்டர், தண்ணீருக்கு மேல் படகின் மூக்கு 1 மீட்டர், ஆக 9. அதைப்போல ஏழு மடங்கு, அதாவது 60 மீட்டருக்கு மேல் கயிறு விடவேண்டும். நங்கூரத்தை ஒட்டிச் சங்கிலி இருந்தால்தான் இழுப்பு தரையோடு போகும். எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டிப் பிடித்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் கரையில் இரண்டு விளக்குகளை நேர்கோட்டில் குறித்துவையுங்கள். கோடு விலகினால் நகர்கிறீர்கள். நிலைமை மோசமானால் நங்கூரத்துக்காகத் தயங்காதீர்கள், கயிற்று நுனியில் ஒரு மிதவையைக் கட்டி விட்டுவிட்டு வெளியே போங்கள், மறுநாள் வந்து எடுக்கலாம்.

என்னைக் கேட்டால் நிற்கவே வேண்டாம். சுமார் 75 கடல் மைல், 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 15 மணி நேரம். மாலை 4 மணிக்குக் கிளம்பினால் காலை வெளிச்சத்தில் போய்ச் சேரலாம். இரவில் வலைகளும், விளக்கில்லாத ஃபைபர் படகுகளும் இருக்கும், கரையை ஒட்டிப் போகாமல் இருவரும் மாறி மாறி விழித்திருங்கள். புதுச்சேரி மீன்பிடித் துறைமுக வாயில் மணல் சேரும், அன்றைக்கு ஆழம் எவ்வளவு என்று அங்குள்ள மீனவர்களிடம் போனில் கேட்டுவிட்டு நுழையுங்கள்.