நைட் டியூட்டியும் கொயரும்

தங்கச்சி, திருகோணமலை புனித மரியாள் பேராலயக் கொயரில், அதாவது பாடகர் குழுவில், ஆல்டோ என்கிற பெண்களின் தாழ்ந்த குரல் பாடின நீங்கள், இங்கிலாந்தில் டொக்டராக வார்ட் வேலை தொடங்கினதும் "இனிப் பாட்டை விடத்தான் வேணுமோ அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். விடாதேங்கோ. உவர்மலையிலிருந்து வந்த நானும் மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்துகொண்டே இத்தனை வருஷமாகப் பாடுகிறேன்.

ஆனால் எந்தக் கொயர் என்பதில் கவனம் வேணும். தொடக்க வருஷங்களில் பத்துப் பதினைந்து பேர் பாடுகிற சின்னக் குழு சரிவராது. உங்களுக்கு நைட் விழுந்தால் ஆல்டோ பக்கமே ஆட்டம் காணும். மற்றவர்களுக்கு அது நியாயமில்லை. ஊருக்கு ஊர் கோரல் சொசைட்டி இருக்கிறது. பெரிய கூட்டம், கிழமைக்கு ஒரு மாலை ஒத்திகை. பலதில் குரல் தேர்வே இல்லை. ஐந்து கோட்டில் எழுதுகிற இசைக்குறிப்பு, அந்த ஸ்டாஃப் நோட்டேஷன், தெரியாதென்று பயப்படுகிறீர்கள். காதால் பிடிக்கிற பழக்கமும் டொ-றே-மியும் ஊரிலேயே கைவந்தவை. மிச்சம் பாடப்பாட வரும். பென்சில் மட்டும் மறக்காதேங்கோ. எங்கே மூச்செடுப்பது, எந்த எழுத்தில் சேர்ந்து நிறுத்துவது என்று கொயர் மாஸ்டர் சொல்லச்சொல்லக் குறிக்க வேணும். 'ஸ்' என்று முடிகிற சொல்லை ஆளுக்காள் ஒவ்வொரு நேரம் விட்டால், தேவாலயம் முழுக்கப் பாம்பு சீறினது மாதிரி இருக்கும்.

அடுத்தது ரோட்டா, யாருக்கு எப்போது டியூட்டி என்கிற அட்டவணை. இங்கிலாந்தில் இளம் டொக்டர்மாருக்கு டியூட்டி ரோட்டாவை ஆறு கிழமைக்கு முன்பே தரவேணும் என்பது விதி. கொயர்கள் பெரும்பாலும் செப்டெம்பரில் தொடங்கும், கொன்சேட் திகதிகளை அதற்கு முன்பே சொல்லிவிடும். அந்தத் திகதிகளைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டா பார்க்கிறவரிடம் முதலே போங்கோ. கொன்சேட் அன்று பகலிலேயே கடைசி ஒத்திகை இருக்கும், ஆகவே முழுநாளும் வேணும். புதுவருஷ இரவை நீங்கள் எடுத்து, டிசம்பர் சனிக்கிழமை ஒன்றை மாற்றி வாங்கலாம். சந்தோஷமாகத் தருவார்கள்.

இருமல், காய்ச்சல் என்றால் போகவே கூடாது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்காஜிட் பகுதியில் ஒரு கொயர் ஒத்திகைக்கு வந்த 61 பேரில், உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்குக் கொரோனா. இரண்டு பேர் இறந்தார்கள். வைத்தியராக இருந்துகொண்டு நாங்கள் அதைக் கொண்டுபோகக் கூடாது. நைட் முடித்த உடம்போடு கார் ஓட்டி ஒத்திகைக்குப் போவதும் வேண்டாம், படுத்து நித்திரை கொள்ளுங்கோ.

இவ்வளவு பாடு எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு மரணத்தை உறவினருக்குச் சொல்லிவிட்டு நேரே ஒத்திகைக்குப் போன மாலைகள் எனக்கு உண்டு. பகல் முழுக்க எல்லாரும் என் முடிவுக்காகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை எந்த வரி என்று விரலால் காட்டுவார். பாட்டின் நீளத்துக்கு மூச்சை விட வேண்டியிருப்பதால், கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தானாகத் தளரும்.

கிறிஸ்மஸ் நெருங்க ஹேண்டல் கொயருக்கும் வாத்தியங்களுக்கும் எழுதின பெரிய கிறிஸ்தவ இசைப்படைப்பான 'மெசாயா' எப்படியும் உங்கள் கைக்கு வரும். 1742இல் டப்ளினில் அதை முதன்முதல் பாடினதே, அங்குள்ள மெர்சர்ஸ் வைத்தியசாலைக்கும் ஏழை நோயாளருக்கும் கடன்சிறைக் கைதிகளுக்கும் காசு சேர்க்கத்தான். நாங்கள் உரிமையோடு பாடலாம்.

எந்த ஊரில் வேலை, எந்த மாலைகள் ஓய்வு என்று எழுதுங்கோ. பக்கத்துக் கொயர்களை விசாரித்துச் சொல்கிறேன்.