‘கெரடி’ என்று வாசிக்கும் பிள்ளை

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது, தரம் 2. வீட்டில் தமிழ், ஸ்கூலில் ஆங்கிலம், கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு சிங்களம். மூன்றிலும் வாய் ஓயாமல் கதைப்பான். கொப்பியை விரித்தால் போச்சு. ‘கொடி’யைக் ‘கெரடி’ என்கிறான். ஆங்கிலத்தில் சின்ன ‘பி’யையும் (b) ‘டி’யையும் (d) மாற்றி மாற்றி எழுதுகிறான். மூன்று மொழி மூளையைக் குழப்புகிறது, வீட்டிலும் ஆங்கிலமே கதையுங்கள் என்கிறார் வகுப்பு ரீச்சர். அப்பம்மாவுக்கோ தமிழ் தவிர வேறொன்றும் தெரியாது. பிந்திவிட்டோமா?

ம., வெள்ளவத்தை

அன்புள்ள ம.,

நான் மருத்துவன் இல்லை. இந்த விஷயத்தை ஆசையோடு தேடி வாசிக்கிறவன், அவ்வளவுதான். ஆனாலும் அப்பம்மாவின் வாயைக் கட்டச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் ‘கெரடி’யைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ‘கொ’வில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, அடுத்தது க, கடைசியில் அரவு. கொம்பும் கவும் சேர்ந்தால் ‘கெ’. சரிதானே? மிச்சமாய் நிற்கும் அரவு பார்வைக்கு ‘ர’ போலவே இருக்கிறது. ஆக, கண்ட எதையும் விடாமல், இடமிருந்து வலமாக, ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறான். இரண்டு பக்கமும் நிற்கிற குறிகள் சேர்ந்து ஒரே ஓசை என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. இதைக் குழப்பம் என்று நான் சொல்லமாட்டேன். நமக்கு எழுத்து 247. கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து சொனாலி நாக் 2007இல் எழுதியதும் இதுதான்: இந்த வகை எழுத்துகள் ஆங்கில அரிச்சுவடி போலச் சட்டென்று கைக்கு வருவதில்லை, வருடக்கணக்கில் இழுக்கும்.

பேச்சு வேறு கதை. அதற்குக் குழந்தையின் காது முதல் வருடத்திலேயே தயாராகிவிடுகிறது. கனடாவில் வெர்க்கரும் டீஸும் 1984இல் காட்டினார்கள்: ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் ஹிந்தியின் இரண்டு ஓசைகளை, ஏறக்குறைய நம் ‘த’வையும் ‘ட’வையும், பிரித்தறிந்தன. வீட்டில் அந்த ஓசைகள் காதில் விழாததால், ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிட்டது. உங்கள் மகனின் காது அப்பம்மாவின் மடியில் பக்குவப்பட்டது. அதைப் போய் நிறுத்துவதா?

வாசிப்புக்கு அப்படிப் பிறவியிலேயே ஒதுக்கிய இடம் மூளையில் இல்லை. எழுத்து வந்தே சுமார் 5000 வருடம்தான். அதனால் பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் இடதுபக்கப் பார்வைப் பகுதியில் ஒரு துண்டு எழுத்துக்கென்று பழக்கப்படுத்தப்படுகிறது என்கிறார் பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன். இரவல் இடம். பழைய குடித்தனக்காரரின் பழக்கங்களும் அங்கே இருக்கும். மாடு எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அது மாடுதான் என்பது அதில் ஒன்று. ‘பி’யைத் திருப்பினால் ‘டி’ ஆகிவிடும் என்பது அந்தப் பகுதிக்குப் புதுச் செய்தி. இந்த வயதில் பல பிள்ளைகள் இப்படி எழுதுகிறார்கள்.

தமிழில் அப்படிக் கண்ணாடி இரட்டையர் இல்லை. எரிக் பெடர்சன் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்கள் கண்ணாடி உருவங்களைப் பிரித்தறிவதில் எழுத்தறியாதவர்களைப் போலவே தடுமாறினார்கள். ஆங்கில எழுத்தும் தெரிந்தவர்கள் தடுமாறவில்லை. அப்படிப் பார்த்தால் ‘பி–டி’ ஆங்கிலம் செய்கிற குறும்பு. ரீச்சரின் நியாயப்படி நீங்கள் ஆங்கிலத்தையல்லவா நிறுத்த வேண்டும்!

செய்யக்கூடியது சில உண்டு. கண்ணையும் காதையும் ஒருமுறை சோதியுங்கள். பஸ்ஸில் போகும்போது ஓசை விளையாட்டு விளையாடுங்கள்: ‘கொடி’யில் ‘க்’கை எடுத்தால் என்ன வரும்? ‘ஒடி’. இரவில் அப்பம்மா கதை சொல்லட்டும், நீங்கள் புத்தகத்திலிருந்து உரக்க வாசியுங்கள். வீட்டில் ‘வாறன்’ என்கிற பிள்ளைக்குப் புத்தகத்து ‘வருகிறேன்’ ஏறக்குறைய நாலாவது மொழி. அது காதில் விழுந்து பழக வேண்டும். குடும்பத்தில் யாராவது வாசிக்கச் சிரமப்பட்டிருந்தால், அல்லது இரண்டு மொழி வாசிப்பும் மாதக்கணக்கில் நகராமலே நின்றால், பிள்ளை மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடாகவே இருந்தாலும் தமிழை நிறுத்தினால் அது போய்விடாது.

பிந்திவிட்டோமா என்கிறீர்கள். தெஹேன் குழுவினர் 2010இல் பிரேசிலிலும் போர்த்துக்கலிலும் 63 பெரியவர்களை ஆராய்ந்தார்கள். வளர்ந்தபின் எழுத்துக் கற்றவர்களின் மூளையிலும் அதே பகுதி எழுத்துக்குப் பழகியிருந்தது. என் அம்மம்மா அறுபது தாண்டித்தான் எழுத்துப் படித்தா. கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகைக்கு முன்னால் என் கையைப் பிடித்து நிறுத்தி, விரலை நீட்டி, ஒவ்வொன்றாகக் கூட்டினா: “கெ… ர… த்து… ரெ… ர… ட்டி.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “இதென்னடா சாமான், நாங்கள் சாப்பிடுறதோ?” உள்ளே தகட்டில் கொத்துகிற சத்தம் தெருவுக்கே கேட்டுக்கொண்டிருந்தது.