கிரிட்டிமாட்டிக்கு முதல்முறை போகும் தூண்டில்காரருக்கு

கேள்வி: ஆற்றில் ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை ஃபிஷிங் (ஃப்ளை எனும் இலேசான செயற்கை இரையை லைனோடு வீசிப் பிடிப்பது) செய்து ஓரளவு பழக்கம் உண்டு. கடலில் செய்ததில்லை. நண்பர்களுடன் ஹொனலுலு வழியாகப் பசிபிக்கிலுள்ள கிரிட்டிமாட்டித் தீவுக்கு (கிறிஸ்துமஸ் தீவு என்றும் பெயர்) போகிறேன். உள்ளூர் வழிகாட்டிகள் வருவார்கள். லைனை 70 அடி தூரம் வீச வராதவனுக்கு இந்தப் பயணம் வீணா?

பதில்: வீணே இல்லை. அங்கே முழங்கால் தண்ணீரில் நடந்துதான் போன்ஃபிஷ் பிடிப்பார்கள். 30, 40 அடி தூரத்திலேயே மீன் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அந்த 40 அடியை அடிக்கிற காற்றில், ஒன்றிரண்டு வீச்சில் முடித்தாக வேண்டும். பசிபிக்கின் கீழைக்காற்று லேசில் ஓயாது. அதனால் காற்றுள்ள நாளாகப் பார்த்து மைதானத்தில் பழகுங்கள்.

வழிகாட்டி உங்கள் தோளருகே நின்று "10 மணி, 40 அடி" என்பார். உங்களுக்கு நேர் எதிரே 12 மணி. முதல் நாள் மீன் உங்கள் கண்ணுக்குப் படாது; அதன் வெள்ளிச் செதில் மணலின் நிறத்தையே காட்டும், நிழல்தான் ஓடும். வெட்கப்படாமல் ராடை நீட்டிக் காட்டுங்கள். "இன்னும் இடது, போதும்" என்று அவர் திருத்துவார். அதன்பின் அவர் சொல்கிறபடி இழுங்கள், நிறுத்துங்கள். மீனின் அசைவைப் பார்ப்பவர் அவர்தான்.

உங்கள் ட்ரவுட் பழக்கம்தான் எனக்குக் கவலை. மீன் கவ்வியதும் கை தானாக ராடைத் தூக்கும். போன்ஃபிஷ் தரையில் மேய்கிற மீன். ராடைத் தூக்கினால் ஃப்ளை அதன் வாயை விட்டு எழும்பிவிடும். ராட் நுனியைத் தண்ணீர் பக்கம் தாழ்த்தி, லைன் பிடித்த கையால் நீளமாக ஒரே இழுப்பு. முள் பதிந்ததும் மீன் பாயும். அப்போது மீனை மறந்து, காலடியில் கிடக்கும் லைன் சிக்காமல் போகிறதா என்று பாருங்கள். ரீல் கைப்பிடியில் விரல் வேண்டாம்.

கருவியில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. எட்டாம் எண் ராட், வெப்பக் கடலுக்கான லைன், 180 மீட்டர் பேக்கிங் (லைனுக்குப் பின்னால் ரீலில் சுற்றும் கூடுதல் நூல்). ஃப்ளை எது என்று வழிகாட்டியிடமே கேளுங்கள். பணத்தைச் செருப்பிலும் கண்ணாடியிலும் போடுங்கள்: பவளம் கிழிக்காத தடித்த அடி, செம்பு நிறப் போலரைஸ்டு கண்ணாடி. காற்று வலப்புறமிருந்து அடித்தால் வலக்கைக்காரரின் ஃப்ளை முகத்துக்கே வரும். தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். உங்கள் காதில் ஏறினாலும் சுலபமாகக் கழலும்.

இன்னொன்று: ஹொனலுலுவிலும் கிரிட்டிமாட்டியிலும் கடிகாரம் ஒரே மணிதான் காட்டும், தேதி மட்டும் தீவில் ஒரு நாள் கூடுதல். வழிகாட்டிக்குச் சொல்லும் நாளைத் தீவின் தேதிப்படி சொல்லுங்கள். விமானமும் குறைவு, ரீலையும் கண்ணாடியையும் கைப்பையில் வையுங்கள். செலவுக்கு ஆஸ்திரேலிய டாலர் ரொக்கமாக வேண்டும். டிக்கெட்டில் கிரிபாட்டி நாட்டுத் தீவுதானா என்றும் பாருங்கள். இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்கும் ஒரு கிறிஸ்துமஸ் தீவு இருக்கிறது.

மீனைத் திரும்ப விடும்போது நனைந்த கையால், தண்ணீருக்குள்ளேயே பிடியுங்கள். சுறா சுற்றினால் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். களைத்த மீன் தப்பாது.

இருவருக்கு ஒரு வழிகாட்டி என்பது செலவைக் குறைக்கும். ஆனாலும் முதல் இரண்டு நாளாவது தனியாக ஒருவரை அமர்த்துங்கள். "நான் புதியவன்" என்று காலையிலேயே சொல்லுங்கள். காற்று முதுகில் படும் திட்டாகப் பார்த்துக் கூட்டிப்போவார்.